இல்லாத சிவகாமிக்காக அழுதது ஏமாளித்தனமா?

மேலோட்டமாகப் பார்த்தால் உங்கள் கேள்வி சிறியது: கல்கியின் சிவகாமி உண்மையில் வாழ்ந்தவளா? அதற்கான பதில் உங்களுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. இரவு முழுக்க விழித்திருந்து 'சிவகாமியின் சபதம்' கடைசிப் பாகத்தை முடித்து, அம்மா எழும்பி வந்து என்ன ஏது என்று கேட்கும் அளவுக்கு அழுதிருக்கிறீர்கள். விடிந்ததும் அண்ணா கைபேசியில் தேடிப் பார்த்து, "அப்படி ஒருத்தி இருந்ததே இல்லையாம், வீணா அழுதிருக்கிறாய்" என்று சிரித்திருக்கிறார். ஆனால் விஷயம் இருப்பது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில். அம்மம்மாவின் செத்தவீட்டில் உங்களுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வளர்த்த அம்மம்மாவுக்கு வராத அழுகை இல்லாத ஒருத்திக்கு எப்படி வந்தது, இதில் எது பொய் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. கூடவே, இனிச் சரித்திர நாவல் வாசிக்கலாமா, வாசிப்பதென்றால் அடுத்து எதை என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் கொழும்பில் உயர்தர வகுப்புகளுக்கு வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவன். வெள்ளவத்தையில் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து கனகாலமாக ஒரு வாசிப்பு வட்டமும் நடத்திவருகிறேன். அங்கே அதிகம் அடிபடுவது சரித்திர நாவல்கள்தான். ஆகவே எது நடந்தது, எது கற்பனை என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்வேன். மனம் ஏன் அழுகிறது என்பது என் துறை இல்லை. அந்த இடத்தில் நான் சொல்வதைப் பல வாசகர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவனின் அபிப்பிராயம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, கதைக்குள் எவ்வளவு வரலாறு இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். மகேந்திரவர்மன், அவன் மகன் நரசிம்மவர்மன், சாளுக்கிய அரசன் இரண்டாம் புலிகேசி மூவரும் வாழ்ந்தவர்கள். புலிகேசி பல்லவ நாட்டுக்குள் படையோடு வந்ததும், பின்னர் 642 அளவில் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்ததும் நடந்தவை. வாதாபி என்பது இன்றைய கர்நாடகத்துப் பாதாமி. அங்கே ஒரு பாறையில் நரசிம்மவர்மனின் பெயரோடு சிதைந்த கல்வெட்டு ஒன்று இன்னும் இருக்கிறது; தோற்றவன் ஊரில் வென்றவன் வெட்டிவைத்த கல். நாவலில் நரசிம்மவர்மனின் தளபதியாக வந்து, பிறகு சிறுத்தொண்டர் என்ற நாயனாராகும் பரஞ்சோதியின் விஷயம் அவ்வளவு உறுதியில்லை. சிறுத்தொண்டர் மன்னவனுக்காகப் போய் வாதாபியைத் துகளாக்கினார் என்று சேக்கிழார் பாடுகிறார். ஆனால் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்காரர், போர் நடந்து ஐந்நூறு வருடம் கழித்து எழுதியவர். வலுவான மரபு என்பேன், நேரில் கண்ட சாட்சி என்று சொல்லமாட்டேன். நம் நாட்டு மானவர்மன் கதையில் வந்து போகிறானே, அவன் நிஜம். அவன் நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்ததையும், பல்லவப் படையோடு திரும்பி வந்து அரசனானதையும் இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. வாதாபிக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகப்படும் நடனக்காரி சிவகாமி, அவளுடைய அப்பா சிற்பி ஆயனர், புலிகேசிக்கு இரட்டைப் பிறவியாக வரும் நாகநந்தி பிக்கு எல்லோரும் கல்கி படைத்தவர்கள்.

புலிகேசி எப்படிச் செத்தான் என்பது நமக்கு வந்து சேரவில்லை. அந்தப் போரோடு முடிந்தான் என்று பொதுவாகக் கொள்கிறார்கள், அவ்வளவுதான். நரசிம்மவர்மனின் பேரன் காலத்துக் கூரம் செப்பேடு, புறமுதுகு காட்டி ஓடிய புலிகேசியின் முதுகையே ஏடாக்கி அதில் வெற்றி என்ற எழுத்தை எழுதினான் என்று பல்லவனைப் புகழ்கிறது. அரசவைப் புலவர் எழுதினால் அப்படித்தான் இருக்கும். சாளுக்கியர் பக்கத்துச் செப்பேடுகளோ, புலிகேசியின் மகன் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்துப் பழி தீர்த்தான் என்கின்றன. காஞ்சி விழுந்ததற்காக அழுத கல்கி வாசகர் யாரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. அந்த அத்தியாயம் நமது நாவலில் இல்லையே!

இனி உங்கள் கண்ணீருக்கு வருவோம். எங்கள் வட்டத்தில் புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் ஒன்று கேட்பேன்: அழுகை வந்த பக்கத்தின் மூலையை மடித்து வையுங்கள், என்ன வாசித்தீர்கள் என்று பிறகு பேசலாம். (நூலகப் புத்தகத்தில் செய்ய வேண்டாம்.) மடித்த பக்கங்களைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். 'பொன்னியின் செல்வ'னில் மணிமேகலை சாகும் கடைசி அத்தியாயம், ஊமை ராணி மந்தாகினி வரும் இடங்கள், இங்கே சிவகாமி. அரசன் முடிசூடும் பக்கத்தை யாரும் மடிப்பதில்லை. மடித்த பக்கங்களில் வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் கற்பனைப் பெண்கள்.

இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கல்வெட்டைத் திறந்து பாருங்கள், பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் எப்படி இருக்கிறார்கள்? ஒருத்தி கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்கு 90 ஆடோ 96 ஆடோ கொடுத்திருப்பாள். இன்னொருத்தி பொன் கொடுத்திருப்பாள். இராசராசனின் அக்கா குந்தவை தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த நகைகளின் எடையையும், அவற்றில் பதித்த முத்துக்களின் எண்ணிக்கையையும் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். அவள் வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவி என்பதும் அங்கிருந்துதான் தெரிகிறது. ஆனால் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றுவிட்டார்கள் என்ற செய்தி வந்த நாளில் அவள் என்ன செய்தாள் என்று எந்தக் கல்லும் சொல்லாது. கொலை நடந்தது உண்மை. கொன்றவர்களின் பெயர்கள், ரவிதாசன் உட்பட, உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கின்றன. அவர்களை ஏவியது யார் என்பதில் அறிஞர்கள் இன்றைக்கும் ஒத்துப்போகவில்லை. இதிலும் கல்வெட்டு பேசுவது துரோகிகளின் நிலத்தைப் பற்றித்தான், துக்கத்தைப் பற்றி அல்ல. சரித்திர நாவலாசிரியன் நுழைவது இந்த ஓட்டைக்குள்தான். ஆண்களின் போருக்கும் பட்டத்துக்கும் சான்று இருப்பதால் அங்கே அவன் கை கட்டப்பட்டிருக்கிறது. சான்று இல்லாத இடத்தில் தன் முழுத் திறமையையும் கொட்டுகிறான். நீங்கள் அழுதது அங்கே. அண்ணா சொன்ன "இல்லாத ஆள்" என்பது சரிதான். ஆனால் வாதாபிப் போரில் பிடித்துக்கொண்டு போகப்பட்ட பெண் ஒருத்திகூட இல்லை என்று அவரால் சொல்ல முடியுமா? அந்தக் காலத்துப் போர் எதிலும் அப்படி நடக்காமல் இருந்ததில்லை. பெயர்தான் மிஞ்சவில்லை.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது, இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் உடைந்து போனதாகச் சொல்வது கடைசி அத்தியாயத்தில், மாமல்லருக்கு, அதாவது நரசிம்மவர்மனுக்கு, வேறு கலியாணம் ஆகிவிட்டது என்று தெரிந்த பிறகு சிவகாமி ஏகாம்பரநாதர் கோயிலில் ஆடும்போது. அவள் ஆடுவது எந்தப் பாட்டுக்கு என்று பார்த்தீர்களா? "முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்" என்று தொடங்கி "தன்னை மறந்தாள் தன் நாமம் கெட்டாள், தலைப்பட்டாள் நங்கை தலைவன் தாளே" என்று முடியும் பாட்டு. அது கல்கியுடையது இல்லை. திருநாவுக்கரசர் திருவாரூரில் பாடிய தாண்டகம். திருநாவுக்கரசரோ மகேந்திரவர்மன் காலத்தவர். அதாவது சிவகாமி கற்பனை, அவள் ஆடும் பாட்டு அந்தக் காலத்தின் அசல் பாட்டு. ஒருத்தி முதலில் பெயரைக் கேட்டாள், பிறகு அவன் இருக்கும் விதத்தைக் கேட்டாள், பிறகு ஊரைக் கேட்டாள், பிறகு பிச்சியானாள், அன்னையையும் அத்தனையும் விட்டாள் என்று ஒவ்வொரு படியாக இறங்கும் அந்தப் பாட்டில் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. நாலு பாகத்துக் கதையைக் கொண்டுவந்து கல்கி அதன்மேல் வைத்துவிட்டார். அழுதபோது உங்களை அறியாமல் 1,300 வருடத்துக்கு மேலான ஒரு பாட்டுக்கும் சேர்த்து அழுதிருக்கிறீர்கள். திருமுறை ஓதும் பெரியவர் ஒருவர் எங்கள் வட்டத்தில் இருந்தார். நாவல் எல்லாம் வாசிக்கமாட்டார். ஆனால் அந்தத் தாண்டகத்தின் கடைசி இரண்டு வரியில் அவருக்கும் குரல் அடைக்கும்.

அழுகையை வகை பிரிக்கத் தொல்காப்பியர் ஒரு வழி சொல்லியிருக்கிறார். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நாலில்தான் அழுகை பிறக்கும் என்கிறார். பிறர் இகழ்ந்ததால் வருவது இளிவு. உறவையோ உடைமையையோ பறிகொடுப்பது இழவு. அசைவு என்பது இருந்த நிலை கெட்டுப் போவது என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். வறுமை எல்லோருக்கும் தெரிந்தது. நாவலை மூடிய பிறகு, என் அழுகை இந்த நாலில் எது என்று கேட்டுப் பாருங்கள். சிவகாமி வாதாபி நாற்சந்தியில் சிறைப்பட்டவர்களுக்குச் சவுக்கடி விழாமல் இருக்க ஆடுகிறாளே, அங்கே நமக்கு வருவது இளிவு. காஞ்சிக்குத் திரும்பியபோது அவளுக்கான இடம் இல்லாமல் போயிருப்பது அசைவு. மணிமேகலையின் சாவு இழவு. எங்கள் வட்டத்தில் நான் கவனித்த வரையில், 83 கலவரத்துக்குப் பிறகும் அதற்குப் பின்னரும் ஊர்விட்டு ஊர் வந்து கொழும்பில் வாடகை வீட்டில் குடியேறியவர்கள் சாவுக் காட்சியைச் சமாளித்துவிடுவார்கள். திரும்பிப் போய் வாசலில் நிற்கும் காட்சி வந்தால்தான் புத்தகத்தை மூடிவிட்டுத் தேத்தண்ணி போட எழும்புவார்கள்.

அம்மம்மா விஷயம். செத்தவீட்டில் அழ நேரம் ஏது? உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே ஆயிரம் வேலை. கதிரை எடுத்துவர வேண்டும், கனடாவுக்கும் லண்டனுக்கும் தொலைபேசி எடுக்க வேண்டும், மரண அறிவித்தலில் பேரப்பிள்ளைகளின் பெயர் விடுபட்டுவிட்டதா என்று பார்க்க வேண்டும், வந்தவர்களுக்குச் சோடா கொடுக்க வேண்டும். அதோடு எல்லோரும் உங்கள் முகத்தையே பார்க்கிறார்கள். நாவலில் உங்களை யாரும் பார்ப்பதில்லை. அந்தத் துக்கத்துக்கு நீங்கள் பொறுப்பாளி இல்லை, அடுத்து செய்ய வேண்டிய காரியமும் இல்லை. 1975இல் கொலின் ராட்ஃபோர்ட் என்ற தத்துவப் பேராசிரியர், இல்லாதவர் என்று தெரிந்தும் ஒருவருக்காக உருகுவது அறிவுக்குப் பொருந்தாத காரியம் என்று வாதிட்டார். இன்றுவரை அதற்கு மறுப்பு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் அண்ணா அவர் கட்சி. எனக்கு அதில் உடன்பாடில்லை. வாசிப்பு வட்டத்தில் அழுதவர்களோடு கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், பத்து நிமிடத்தில் அப்பாவையோ, விட்டுவந்த வீட்டையோ, சொல்லாமல் போன சிநேகிதனையோ பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். உங்களுக்கும் அப்படித்தான் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த இரவில் அழுததில் அம்மம்மாவுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம் என்பதே என் ஊகம். புத்தகத்தை மூடிப் பல நாள் ஆகியும் சாப்பாடு தூக்கம் சரியில்லை என்றால் அது நாவலோடு முடியும் காரியம் இல்லை. அப்போது என்னைப் போன்ற ஆளைக் கேட்காமல் ஒரு வைத்தியரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

இவ்வளவு தூரம் உங்கள் கண்ணீருக்கு வக்காலத்து வாங்கிவிட்டேன். மறுபக்கமும் இருக்கிறது. கண்ணீர் வந்துவிட்டால் அதையே சான்றாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. கொழும்பிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. கோட்டையில் சிலிங்கோ ஹவுஸ் கட்டடத்துக்குப் பக்கத்தில், ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கவே சிரமப்படும் அளவில், குவிமாடக் கூரையோடு ஒரு சின்ன அறை நிற்கிறது. கண்டியின் கடைசி அரசன் சிறீ விக்கிரமராசசிங்கனை 1815இல் பிடித்துவந்து அடைத்த அறை என்று அதைக் காட்டுவார்கள். கண்ணுச்சாமி என்ற பெயரோடு பிறந்த, நாயக்கர் வழியில் வந்த அரசன். பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போனால் வாசலிலேயே சத்தம் அடங்கிவிடும். ஒருமுறை ஒரு மாணவி உள்ளே போய்ச் சுவரில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். வெளியே வந்ததும் நான் ஹென்றி மார்ஷல் எழுதியதைச் சொன்னேன். அவர் அந்தக் காலத்தில் இங்கே இருந்த பிரித்தானிய இராணுவ வைத்தியர். கொழும்பில் அரசனுக்கு விசாலமான, நன்றாக அலங்கரித்த வீடு கொடுத்தார்கள், அதைக் கண்டு அரசன் திருப்திப்பட்டான் என்று அவர் பதிந்திருக்கிறார். இந்தச் சின்ன அறை வெறும் காவலர் கூண்டு என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. மார்ஷல் பிரித்தானியர், தங்கள் உபசாரத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருப்பார் என்று வைத்துக்கொண்டாலும், அரச குடும்பத்தை அந்த அறைக்குள் வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை. அந்தப் பிள்ளை என்னோடு ஒரு கிழமை சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

நடந்தது இதற்குக் குறைவான சோகமா என்ன? 1816 ஜனவரியில் அரசனை மனைவிமாரோடும் உறவினரோடும் கப்பலேற்றி, வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். 1832இல் அவன் அங்கேயே இறந்தான். அவனுடைய சிம்மாசனம் இங்கிலாந்துக்குப் போய் 1934இல்தான் திரும்பி வந்தது. இப்போது கொழும்பு நூதனசாலையில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அப்புறம் இதையும் யோசியுங்கள். அதே அரசனின் உத்தரவில், 1814இல் எகலப்பொல அதிகாரத்தின் (அதிகாரம் என்பது கண்டி அரசில் அமைச்சர் பதவி) மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். மூத்தவன் பயந்து பின்வாங்க, சின்னவன் மத்தும பண்டார முன்னே வந்து கழுத்தை நீட்டினான் என்ற கதையைக் கேட்டு அழாத சிங்களப் பிள்ளை இல்லை. கொலைகள் நடந்தன என்பதில் சந்தேகம் இல்லை. சிறுவன் பேசியதாகச் சொல்லும் வசனங்கள் காலப்போக்கில் மெருகேறியவை என்று நினைக்கிறேன். ஆக, ஒரே ஒழுங்கையில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி அரசனுக்காக அழுகிறாள், மற்றவள் அந்த அரசன் கொன்ற பிள்ளைக்காக அழுகிறாள். இரண்டு அழுகையும் நேர்மையானவை. எந்த அழுகையை வைத்தும் அந்த அரசனுக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

'பொன்னியின் செல்வன்' வாசித்துவிட்டு அருள்மொழிவர்மரில் (பின்னாளில் இராசராசன்) உருகும் நம் பிள்ளைகளிடம் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். அனுராதபுரத்தில் பிக்குகள் சிம்மாசனத்தைத் தருகிறோம் என்கிறார்கள், இளவரசர் வேண்டாம் என்கிறார். அருமையான காட்சி, முழுக்கக் கற்பனை. சுந்தர சோழன் காலத்தில் தளபதி கொடும்பாளூர்ச் சிறிய வேளான் ஈழத்துப் போரில் பட்டதற்குக் கல்வெட்டு உண்டு. அருள்மொழி அப்போது இங்கே வந்ததற்குச் சான்று கிடையாது. அரசனான பிறகு அவர் படை அனுப்பி வட இலங்கையைப் பிடித்தார். அவர் மகன் இராசேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுபோனார்கள், அந்த மன்னன் அங்கேயே செத்தான். சோழர் விகாரைகளை உடைத்துத் தாதுக்கள் (புனித எச்சங்கள்) வைத்த அறைகளைக் கொள்ளையடித்தார்கள் என்கிறது சூளவம்சம். அதை எழுதியவர்கள் பிக்குகள், அதனால் அவர்களுடைய கோபமும் எழுத்தில் கலந்திருக்கும். அதே சமயம் திருகோணமலைப் பக்கம் வெல்கம் விகாரைக்குப் போனால், அந்தப் பௌத்தப் பள்ளிக்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர், அங்கே தமிழர் கொடுத்த தானங்கள் தமிழிலேயே கல்லில் இருக்கின்றன. ஒரு பக்கம் கொள்ளை, இன்னொரு பக்கம் தானம். நாவலுக்கு இந்தக் குழப்பம் ஒத்துவராது, கதாநாயகன் கெட்டுவிடுவான். நாவல் முடிந்த பிறகு வாசகருக்கு அது ஒத்துவர வேண்டும்.

ஆகவே, வாசியுங்கள். வாசிக்கும்போது கைபேசியைத் தூர வையுங்கள். நடுவில் நிறுத்தி இவர் உண்மையா அவர் உண்மையா என்று தேடினால் நாவலும் கிடைக்காது, வரலாறும் கிடைக்காது. முடித்துச் சில நாள் போகட்டும். பிறகு மடித்த பக்கங்களுக்குத் திரும்பிப் போய், இந்த இடத்தில் கல்வெட்டோ செப்பேடோ என்ன சொல்கிறது என்று தேடுங்கள். சோழருக்கு நீலகண்ட சாஸ்திரியின் நூல் தமிழிலேயே கிடைக்கிறது. இலங்கை விஷயங்களுக்கு நூலகம் இணையத்தளத்தில் நம்மவர்கள் எழுதிய பழைய நூல்கள் நிறைய இருக்கின்றன, இலவசம். இப்படித் தேடியதால் நாவல் செத்துப்போனது என்று சொன்னவர்கள் எங்கள் வட்டத்தில் ஒருசிலர்தான். எனக்கும் அப்படி ஆகவில்லை. எங்கள் வீட்டில் பெரியம்மா கல்கி இதழிலிருந்து வாரவாரம் கிழித்துச் சேர்த்துக் கட்டுவித்த தொகுப்பு ஒன்று இருந்தது. மணியம் வரைந்த படங்களோடு, பின்பக்கத்தில் தலைவலி மாத்திரை விளம்பரத்தோடு. எழுபதுகளில் இந்திய வாரப் பத்திரிகைகள் இங்கே வருவதற்குக் கட்டுப்பாடு வந்தபோது அந்தத் தொகுப்பு தெரு முழுக்கச் சுற்றியது. திரும்பி வந்தபோது ஓரங்களில் யார் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள். ஓர் இடத்தில் "இதற்கு மேல் இரவில் வாசிக்க வேண்டாம்" என்று இருந்தது, கீழே வேறொரு கையெழுத்தில் "வாசித்துவிட்டேன்" என்று இருந்தது. அண்ணா இனிச் சிரித்தால் இதைச் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்லலாம்: தமிழின் முதல் சரித்திர நாவல் என்று கொள்ளப்படும் 'மோகனாங்கி'யை 1895இல் எழுதியவர் திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை. இந்த அழுகைக் கடையைத் திறந்ததே நம் ஊர்க்காரர்தான்.

அடுத்து என்ன வாசிக்கலாம் என்று கேட்டதற்கு, உடனே இன்னொரு அரசர் கதைக்குப் போக வேண்டாம் என்பேன். பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்த நாவலை எடுங்கள். கருப்பன், வள்ளி என்ற இளம் தம்பதியைக் கங்காணி ஆசை காட்டி ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகிறான். டேனியல் தோட்டங்களில் வேலை செய்த வைத்தியர். அங்கே இருந்தவர்களிடம் கேட்டும் பார்த்தும் எழுதியவர். இங்கே கல்வெட்டும் இல்லை, செப்பேடும் இல்லை. ஆனால் கற்பனைப் பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் ஆட்கள் சிவகாமியைவிட மிகக் கிட்டத்தில் இருக்கிறார்கள். கதை நடப்பது இந்தியாவில், என்றாலும் ஹற்றன் பக்கத்து நண்பர்கள் யாராவது இருந்தால் அவர்களோடு சேர்ந்து வாசியுங்கள், அவர்களுடைய பாட்டன் பூட்டன் நடந்து வந்த பாதையைப் பற்றி அவர்கள் சொல்ல நிறைய இருக்கும். பிறகு கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', அது நம் மலைநாட்டுக் கதை. இரண்டிலும் அழுகை வரும். நோய் வரும் அத்தியாயங்களைப் பகலில் வாசிப்பது நல்லது.